கண்டதும் கணித்ததும்: பன்னாட்டு இணையத் தரவுத்தளங்களில் தமிழ் அச்சுநூல்களின் காலக்குறிப்பும் தலைப்பு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் அச்சுநூல்களின் விவரங்கள் இன்று உலக நூலகங்களின் இணையத் தரவுத்தளங்களில் சேர்ந்து வருகின்றன. அத்தரவுத்தளங்கள் நாளுக்கும் தலைப்புக்கும் வகுத்துள்ள பொதுவடிவங்கள் தமிழ் நூல்களின் முகப்புப் பக்க மரபோடு பல இடங்களில் முரண்படுகின்றன. அறுபதாண்டுச் சுழற்சி, பல்வேறு ஆண்டுக் கணக்குகள், ஜூலியன் நாட்காட்டி, புணர்ச்சியால் இணைந்த தலைப்புகள், ஒரு நூலுக்கு வழங்கும் பல பெயர்கள் ஆகியவை இம்முரணின் முதன்மையான இடங்கள். நூலில் கண்டதையும் பதிவாளர் கணித்ததையும் தனித்தனிப் புலங்களில் வைத்தலே இச்சிக்கலுக்குரிய அடிப்படைத் தீர்வு என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

குறிச்சொற்கள்: நூற்பட்டியல், தரவுத்தளம், அறுபதாண்டுச் சுழற்சி, ஐஎஸ்ஓ 8601, சீர்மைத் தலைப்பு, ஒருங்குறி.

1. முன்னுரை

தமிழ் அச்சுநூல்களைத் தொகுத்துப் பட்டியலிடும் முயற்சி 19ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஜான் மர்டாக் 1865இல் பொருள்வாரிப் பட்டியலை வெளியிட்டார். பிரித்தானிய அருங்காட்சியக நூலகத்தில் இருந்த தமிழ் நூல்களுக்கு எல்.டி. பார்னெட்டும் ஜி.யு. போப்பும் தொகுத்த பட்டியல் 1909இல் வெளிவந்தது. இவை மனிதர் படிப்பதற்காக அச்சிடப்பட்டவை. ஒரு பதிவில் ஆண்டு ஐயத்திற்குரியதாக இருந்தால், படிப்பவர் தம் அறிவைக் கொண்டு அதனை எடைபோட்டுக் கொள்வார்.

இணையத் தரவுத்தளத்தில் நிலை வேறு. இங்குப் பதிவுகளை முதலில் படிப்பது இயந்திரம். வரிசைப்படுத்துதல், வடிகட்டுதல், ஒரே நூலின் பதிவுகளை ஒன்றிணைத்தல் ஆகிய மூன்றையும் அதுவே செய்கிறது. ஒரு நூலகத்தில் இடப்பட்ட ஆண்டு பிற தரவுத்தளங்களால் அறுவடை செய்யப்பட்டுப் பரவுகிறது. பரவிய பின் அதன் மூலம் எது, அது நூலில் இருந்ததா, பதிவாளரின் கணிப்பா என்பதை அறிய வழியில்லாமற் போகிறது. ஒரு நூலின் முதற்பதிப்பு எது, இரு பதிப்புகளுள் முந்தியது எது, ஓர் அச்சகம் எவ்வாண்டு வரை இயங்கியது என்னும் வினாக்களுக்கான விடைகள் இப்பதிவுகளையே சார்ந்துள்ளன. ஆகவே நாள் வடிவமும் தலைப்பு மரபும் பதிப்பு வரலாற்றின் சான்றுச் சிக்கலாகவே அணுகத்தக்கவை.

2. நாளுக்குப் பொதுவடிவம் வேண்டுவது ஏன்?

03/04/1905 என்னும் குறிப்பு இந்தியாவிலும் பிரித்தானியாவிலும் ஏப்ரல் 3ஐயும் அமெரிக்காவில் மார்ச் 4ஐயும் சுட்டும். பன்னாட்டுத் தரவுத்தளத்தில் இவ்விரு வழக்குகளும் கலக்கும்போது எது எதுவென்று பிரிக்க இயலாது. இதற்குத் தீர்வாகப் பன்னாட்டுத் தரப்படுத்தல் நிறுவனம் 1988இல் ஐஎஸ்ஓ 8601 என்னும் தரத்தை வெளியிட்டது. ஆண்டு, மாதம், நாள் என்று பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்கும் இம்முறையில் 1905-04-03 என்பதற்கு ஒரே பொருள்தான். எழுத்துவரிசைப்படி அடுக்கினாலே காலவரிசையும் அமைந்துவிடும் என்பது இதன் பெரும்பயன்.

எனினும் இவ்வடிவம் உறுதியான நாள்களையே முதலில் கருத்திற் கொண்டது. நூலியலில் பாதி அறியப்பட்ட நாள்களே மிகுதி. இக்குறையை அமெரிக்கக் காங்கிரசு நூலகம் உருவாக்கிய விரிநிலை நாள் வடிவம் (ஈடிடிஎஃப்) நீக்கியது. அது 2019இல் ஐஎஸ்ஓ 8601 தரத்தின் இரண்டாம் பகுதியில் இணைக்கப்பட்டது. இதன்படி 1877? என்பது ஐயத்திற்குரிய ஆண்டு; 1877~ என்பது ஏறத்தாழ அவ்வாண்டு; 1876/1877 என்பது இரு எல்லைகளுக்கு இடைப்பட்ட காலம்; [1817,1877,1937] என்பது இவற்றுள் ஏதேனும் ஒன்று. தமிழ் நூற்பதிவாளருக்கு இவற்றுள் மிகவும் பயன்படுவது கடைசி வடிவமே. அதற்குரிய காரணத்தை அடுத்த பகுதி விளக்கும்.

3. அறுபதாண்டுச் சுழற்சி

பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் ஆண்டு, எண்ணால் அன்றிப் பிரபவ முதல் அட்சய வரையிலான பெயரால் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு நூலின் முகப்பில் ‘தாது ௵ தை ௴’ என்று மட்டும் இருப்பதாகக் கொள்வோம். பெரும்பஞ்சத்தோடு மக்கள் நினைவில் பதிந்த தாது வருடம் 1876 ஏப்ரலில் தொடங்கியது. அதே பெயர் 1816இலும் 1936இலும் தொடங்கிய ஆண்டுகளுக்கும் உரியது. இந்த ஒரு வரியில் மூன்று தனித்தனிச் சிக்கல்கள் உள்ளன.

முதலாவது, எந்தச் சுழற்சி என்பது. இதற்கு நூலுக்குள்ளும் வெளியிலும் சான்று தேடவேண்டும். 1835இல் அச்சுக்கட்டுப்பாடு தளர்ந்த பின்னரே தமிழர் நடத்திய அச்சகங்கள் பெருகின. ஆகவே அத்தகைய அச்சகப்பெயர் இருப்பின் 1817 பெரும்பாலும் விலகும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டத்தின்படி தொகுக்கப்பட்ட காலாண்டுப் பட்டியல்கள், நூலின் தலைப்பு, அச்சிட்ட இடம், வெளிவந்த நாள், பக்க அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை முதலியவற்றைத் தருகின்றன. அவற்றில் நூல் காணப்பட்டால் ஐயம் தீரும். காணப்படாவிடின், மூன்று ஆண்டுகளையும் மாற்றுகளாகப் பதிவதே நேர்மை. பொருத்தமாகத் தோன்றும் ஒன்றைத் தேர்ந்து உறுதியான ஆண்டாக இடுவது சான்றின்றி முடிவு கூறுவதாகும்.

இரண்டாவது, தமிழாண்டு இரண்டு கிரிகோரியன் ஆண்டுகளில் பரவி நிற்பது. தாது என்றவுடன் 1876 என்று இயந்திரம் மாற்றினால், தை மாதத்து நூலுக்கு ஓராண்டுப் பிழை நேரும். அந்தத் தை 1877ஐச் சேர்ந்தது. உ.வே. சாமிநாதையர் ஆனந்த வருடம் மாசி மாதம் பிறந்தவர். ஆனந்த தொடங்கியது 1854இல். அவர் பிறந்த நாளோ 1855-02-19. மார்கழியின் பிற்பகுதி முதல் பங்குனி முடியவுள்ள காலத்தைச் சேர்ந்த எந்தக் குறிப்புக்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். மாதம் அறியப்படாவிடின் 1876/1877 என்றே இடவேண்டும். மார்க் 21 வடிவத்தின் 008 புலத்திலும் ஐயத்திற்குரிய நாளுக்கு இரண்டு ஆண்டுகளை இட வழியுண்டு.

மூன்றாவது, மாத எல்லை. சித்திரை முதல் நாளை எந்நூற்றாண்டுக்கும் ஏப்ரல் 14 என்று கொள்ளும் மாற்றுக் கருவிகள் உள்ளன. பஞ்சாங்கத்தின் சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சற்றே நீளமானது. இவ்வேறுபாடு இரண்டு நூற்றாண்டுகளில் ஏறத்தாழ மூன்று நாளாகிறது. 1870களில் தமிழாண்டு ஏப்ரல் 12 அளவில் பிறந்தது. நாள் வரையிலான துல்லியம் வேண்டுமாயின் அந்தந்த ஆண்டின் பஞ்சாங்கத்தையே நாடவேண்டும். அது கிட்டாவிடின், மேற்கண்ட எடுத்துக்காட்டில் 1877-01/1877-02 என்னும் மாத எல்லையோடு நிற்பதே தக்கது.

இவற்றோடு பெயர்மயக்கமும் உண்டு. பிரமாதி 13ஆம் ஆண்டு. பிரமாதீச 47ஆம் ஆண்டு. விரோதி 23, விரோதிகிருது 45. பிலவ 35, பிலவங்க 41. ஹேவிளம்பியும் விளம்பியும் அடுத்தடுத்தவை. சுபகிருதும் சோபகிருதும் அவ்வாறே. தேய்ந்த முகப்பிலிருந்து படியெடுக்கும்போது ஓரெழுத்து விடுபட்டாலும் கணிப்பு பல ஆண்டுகள் விலகிவிடும். படியெடுத்த பெயர் பதிவில் இருந்தால்தான் பின்வருபவர் இப்பிழையைக் கண்டறிய இயலும்.

4. ஆண்டுக் கணக்குகளும் எண்களும்

சில முகப்புகளில் சுழலாண்டுப் பெயரோடு கலி, சக, கொல்லம் ஆண்டுகளும் உடன் காணப்படும். இவை ஒன்றையொன்று சரிபார்க்க உதவும் நற்சான்றுகள். மேற்கூறிய தாது வருடத் தை மாதத்திற்குச் சக ஆண்டு 1798. கொல்லம் ஆண்டு 1052. கலி ஆண்டு 4977. ஆனால் கலியில் ஒரு நுட்பம் உள்ளது. 4977 என்பது கழிந்த ஆண்டு. நடப்பாண்டாக எண்ணுவோர் அதனையே 4978 என்பர். முகப்பில் எம்முறை பின்பற்றப்பட்டது என்பதைச் சுழலாண்டுப் பெயரோடு ஒப்பிட்டே முடிவு செய்யவேண்டும். கொல்லம் ஆண்டு நெல்லை வழக்கில் ஆவணியில் தொடங்குவதால், ஒரே தமிழாண்டுக்குள் இரண்டு கொல்லம் ஆண்டுகள் வரும். அரபுத்தமிழ் நூல்களில் காணும் ஹிஜ்ரி ஆண்டு சந்திரனைத் தழுவியது. அதற்கு நிலையான கழித்தல் எண் எதுவும் இல்லை. 20ஆம் நூற்றாண்டு நூல்களில் வரும் திருவள்ளுவர் ஆண்டு, தைமுதல் கணக்கின்படி, கிரிகோரியன் ஆண்டோடு 31ஐக் கூட்டிப் பெறப்படுவது. தை பிறப்பதற்கு முந்தைய ஜனவரி நாள்களுக்கு மட்டும் 30ஐக் கூட்டவேண்டும்.

எண்ணுருவும் கவனத்திற்குரியது. திருக்குறள் மூலம் அச்சேறிய 1812ஐப் பழைய முறையில் எழுதினால் ௲௮௱௰௨ ஆகும். இது இடமதிப்பு முறையன்று. ஆயிரம், எட்டு நூறு, பத்து, இரண்டு என்று படிக்கப்படுவது. இலக்கங்களை மட்டும் மாற்றும் கருவி இதனைத் தவறாகவே படிக்கும். மேலும் தமிழ் எண்கள் பல எழுத்துகளோடு உருவொற்றுமை உடையன: ௧ க, ௨ உ, ௪ ச, ௭ எ, ௮ அ. அச்சுக்கோப்பவர்கள் எண்ணுக்கு மாற்றாக எழுத்தையே கோத்ததும் உண்டு. ஆகவே படியெடுப்புப் புலத்தில் தமிழ் எண்ணையும் சீராக்கிய புலத்தில் இந்து-அரபு எண்ணையும் இடுவதே முறை.

5. ஜூலியன் நாட்காட்டி

ஐஎஸ்ஓ 8601 கிரிகோரியன் நாட்காட்டியை மட்டுமே ஏற்கிறது. அந்நாட்காட்டி தோன்றுவதற்கு முந்தைய காலத்துக்கும் அதனையே பின்னோக்கி நீட்டுகிறது. தமிழ் எழுத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. கிரிகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது 1582இல். எனவே அந்நூலின் நாள் ஜூலியன் கணக்கைச் சேர்ந்தது. 1578-10-20 என்று அப்படியே இடும் பதிவு, தரத்தின் நோக்கில், வேறொரு நாளைச் சுட்டுகிறது. தரப்படி எழுதின் 1578-10-30 ஆகும். ஆயினும் 30 என்ற எண்ணை மட்டும் காண்பவர் அதனைப் பிழையென்று கருதித் ‘திருத்திவிட’ நேரும். விக்கித்தரவு போன்ற தளங்கள் நாளோடு அதன் துல்லிய அளவையும் நாட்காட்டி வகையையும் சேர்த்துச் சேமிப்பது இவ்விடத்தில் பின்பற்றத்தக்க முறை.

18ஆம் நூற்றாண்டின் மடல்களைத் தரவுத்தளமாக்குவோருக்கும் இது தேவைப்படும். டென்மார்க்கு 1700இல் ஜூலியன் நாட்காட்டியைக் கைவிட்டது. இங்கிலாந்து 1752இல் கைவிட்டது. இடைப்பட்ட காலத்தில் தரங்கம்பாடியில் எழுதிய மடலுக்கும் சென்னைக் கோட்டையில் எழுதிய மடலுக்கும் இடையே 11 நாள் வேறுபாடு உள்ளது. இங்கிலாந்தின் சட்டமுறை ஆண்டு அக்காலத்தில் மார்ச் 25இல் தொடங்கியதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான மடல்களில் ஆண்டு எண்ணும் வேறுபடக்கூடும். வினாவும் விடையும் முன்பின்னாக மாறித் தோன்றும் மடல் வரிசைகளைப் பற்றி முடிவு கூறுமுன் இதனை நோக்கவேண்டும்.

6. தலைப்பு: முகப்பில் உள்ளதும் வழக்கில் உள்ளதும்

நாளுக்குக் கூறிய வேறுபாடே தலைப்புக்கும் பொருந்தும். பழந்தமிழ் நூற்பதிப்புகளின் முகப்பில் பெரும்பாலும் ஆசிரியர் பெயரும் அடைமொழியும் முதலில் வரும். நூற்பெயர் இடையில் வரும். ‘மூலமும் உரையும்’ என்பது ஈற்றில் வரும். இவை ஒரே தொடராகப் புணர்ந்தும் நிற்கும். ஆங்கில நூலின் முகப்பை மனத்திற்கொண்டு வகுத்த விதிகளின்படி, தலைப்பு வேறு, பொறுப்புரை வேறு. தமிழ் முகப்பில் பொறுப்புரை தலைப்புக்கு இலக்கண உறுப்பாகவே அமைந்திருப்பதால், அதனை வெட்டினால் தொடர் சிதைகிறது. வெட்டாவிட்டால் நூல் ஆசிரியரின் அடைமொழியின்கீழ் வரிசையாகிறது.

மார்க் 21 வடிவம் இதற்கு இடந்தருகிறது. 245ஆம் புலத்தில் முகப்பில் உள்ளபடி தலைப்பையும், 130 அல்லது 240ஆம் புலத்தில் சீர்மைத் தலைப்பையும், 246ஆம் புலத்தில் பிற வடிவங்களையும் இடலாம். சீர்மைத் தலைப்பு தமிழுக்கு இன்றியமையாதது. பெரியபுராணமும் திருத்தொண்டர் புராணமும் ஒரே நூல். அகநானூறும் நெடுந்தொகையும் ஒன்று. மூதுரையும் வாக்குண்டாமும் ஒன்று. வெற்றிவேற்கையும் நறுந்தொகையும் ஒன்று. இவற்றை இணைக்காத தரவுத்தளத்தில், ஒரு நூலின் பதிப்பு வரலாறு இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு பெயரை மட்டும் தேடும் ஆய்வாளர் மற்றொரு பெயரில் வந்த பதிப்புகளைக் காணாமலே ‘முதற்பதிப்பு’ எதுவென்று கூறிவிடுவார்.

மறுதலையாக, ஒரே பெயர் வெவ்வேறு படைப்புகளைக் குறிப்பதும் உண்டு. விவேக சிந்தாமணி நீதிச்செய்யுட்களின் தொகுப்பு. அதே பெயரில் 1892இல் ஓர் இதழும் தொடங்கப்பெற்றது. இங்கு ‘விவேக சிந்தாமணி (இதழ்)’ என்பது போன்ற விளக்கச்சொல் சீர்மைத் தலைப்பில் சேரவேண்டும். அவ்விதழில் 1893 முதல் 1895 வரை பி.ஆர். ராஜமையர் எழுதிய தொடர், ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் இரட்டைத் தலைப்பை உடையது. இன்று வழங்குவது பின்பாதியே. ‘அல்லது’ என்பதற்குப் பின்வரும் பகுதியைத் துணைத்தலைப்பு என்று கருதிச் சுருக்கும் பதிவு, வழக்கில் உள்ள பெயரையே இழந்துவிடும். தொடரின் காலம் 1893/1895 என்றும் நூல்வடிவின் காலம் 1896 என்றும் தனித்தனியே பதியப்பட வேண்டும் என்பதும் இதனால் விளங்கும்.

தம்பிரான் வணக்கத்தின் முகப்பு மற்றொரு வகைச் சிக்கலைக் காட்டுகிறது. அதற்குப் போர்த்துக்கீசியத் தலைப்பும் தமிழ்த் தலைப்பும் உள்ளன. போர்த்துக்கீசியத் தலைப்பு மொழியை ‘மலவார் தமுல்’ என்கிறது. அக்கால ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என்று வழங்கியதை அறியாத பதிவாளர், இத்தகைய நூல்களுக்கு மலையாளத்தின் மொழிக்குறியீட்டை இடும் வாய்ப்பு உண்டு. தலைப்பில் உள்ள மொழிப்பெயர் வேறு, நூலின் மொழி வேறு என்பதால் இவ்விரண்டும் தனித்தனியே முடிவு செய்யப்படவேண்டும்.

தரவுத்தளங்கள் சில ஆங்கிலத் தலைப்பைக் கட்டாயமாகக் கோருகின்றன. பதிவாளர் தாமே மொழிபெயர்த்து இடும் அத்தலைப்பு, காலப்போக்கில் நூலின் உண்மையான தலைப்பாக மேற்கோள் காட்டப்படுகிறது. நூலில் இல்லாத தலைப்பு பகர அடைப்பில் இடப்படவேண்டும் என்னும் பழைய பட்டியல் மரபு இங்குக் கைவிடத்தக்கதன்று.

7. சொற்பிரிப்பும் குறியீடும்

சீவகசிந்தாமணி, சீவக சிந்தாமணி, ஜீவக சிந்தாமணி ஆகிய மூன்றும் மனிதக் கண்ணுக்கு ஒன்று; இயந்திரத்திற்கு மூன்று. ‘திருக்குறள்’ என்று தேடுவோருக்குத் ‘திருக்குறட் குமரேச வெண்பா’ அகப்படாது. புணர்ச்சியைப் பிரித்தெழுதுவது படியெடுப்பைக் கெடுக்கும். பிரிக்காமல் விடுவது தேடலைக் கெடுக்கும். எனவே 245ஆம் புலத்தில் புணர்ந்த வடிவத்தையும் 246ஆம் புலத்தில் பிரித்த வடிவத்தையும் இடுதல் வேண்டும்.

வரிசைப்படுத்தும்போது முன்னொட்டுகளைத் தள்ளும் வழக்கமும் ஆய்வுக்குரியது. நூற்பெயர் முன் மதிப்புக்காக இட்ட ‘ஸ்ரீ’யைத் தள்ளலாம். திருவாசகம், திருமந்திரம், திருக்குறள் ஆகியவற்றில் ‘திரு’ பெயரின் பிரிக்கவியலா உறுப்பு. அதனைத் தள்ளுவது பிழை. மேலும் ‘ஸ்ரீ’ ஒருங்குறியில் இருவகையாக எழுதப்படுகிறது: ‘ஸ்’ கொண்டு ஒன்று, 2005இல் சேர்க்கப்பட்ட ‘ஶ்’ கொண்டு மற்றொன்று. திரையில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றுபோலவே தோன்றும். ‘ஔவையார்’ என்பதன் முதலெழுத்தை ஓரெழுத்தாகவும், ஒகரத்தின் பின் ளகரம் இட்டு ‘ஒளவையார்’ என்றும் தட்டச்சிடுவோர் உளர். ஒருங்குறியின் இயல்பாக்க விதிகள் இவ்விரண்டையும் ஒன்றாக்கா. ஆகவே ஔவையின் நூல்களைத் தேடும் ஒருவர் பாதிப் பதிவுகளை இழப்பது இயலக்கூடியதே. இதனைத் தரவுத்தளத்தின் தேடுபொறி அளவில் தீர்க்கவேண்டும்.

உரோமன் எழுத்துப்பெயர்ப்புக்கு 2001இல் வெளிவந்த ஐஎஸ்ஓ 15919, அமெரிக்கக் காங்கிரசு நூலக முறை, சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி முறை ஆகியன வழக்கில் உள்ளன. எம்முறையைக் கொண்டாலும் அதன் பெயரைப் பதிவில் சுட்டுவதும், மார்க் 21 வடிவத்தின் 880ஆம் புலம் வழியாகத் தமிழெழுத்து வடிவத்தையும் இணைத்தே தருவதும் வேண்டும். மேற்குறிகள் உதிர்ந்துவிட்ட உரோமன் வடிவத்திலிருந்து மூலத் தலைப்பை மீட்க இயலாது. லகர ளகர ழகரங்களும் குறில் நெடில்களும் அங்கு ஒன்றாகிவிடுகின்றன.

8. பரிந்துரைகள்

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் நெறிகள் பெறப்படுகின்றன.

(1) முகப்பில் உள்ள காலக்குறிப்பு அதன் பெயர், எண், குறியீடு ஆகியவற்றோடு உள்ளவாறே ஒரு புலத்தில் படியெடுக்கப்பட வேண்டும்.

(2) கணித்த நாள் வேறொரு புலத்தில் ஐஎஸ்ஓ 8601 வடிவில் இடப்பட வேண்டும். சான்று எவ்வளவு துல்லியத்தைத் தருகிறதோ அவ்வளவே அங்கு இருத்தல் வேண்டும்.

(3) சுழற்சி உறுதியாகாத சுழலாண்டு, மாற்று ஆண்டுகளின் தொகுதியாகவே பதியப்பட வேண்டும்.

(4) மூல நாட்காட்டியும், கணிப்புக்கு அடிப்படையான சான்றும் குறிப்புப் புலத்தில் சுட்டப்பட வேண்டும்.

(5) முகப்புத் தலைப்பு, சீர்மைத் தலைப்பு, பிரித்த வடிவம், பதிவாளர் தந்த மொழிபெயர்ப்பு ஆகிய நான்கும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகாமல் தனித்து நிற்க வேண்டும்.

(6) ஒரே நூலுக்கு வழங்கும் பல பெயர்களைத் தொகுத்த சீர்மைத் தலைப்புப் பட்டியலைத் தமிழ்த்துறைகள் உருவாக்கி நூலகங்களுக்கு வழங்க வேண்டும். பாடவேறுபாடும் பதிப்பு வரலாறும் அறிந்தவர்களே இதனைச் செய்யத் தக்கவர்கள்.

9. முடிவுரை

ஆர்டிஏ எனப்படும் இன்றைய பட்டியலாக்க விதித்தொகுதியும், கிரிகோரியன் அல்லாத ஆண்டினை உள்ளவாறே எழுதி, அதற்கு ஈடான ஆண்டைப் பகர அடைப்பில் தருமாறு கூறுகிறது. எனவே கண்டதையும் கணித்ததையும் பிரித்து வைத்தல் பன்னாட்டு விதிகளுக்கு மாறானதன்று. அவ்விதிகள் தரும் இடத்தைத் தமிழ்ப் பதிவுகள் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுவது. கணிப்பு பிழையானால் பின்வருபவர் திருத்துவார். ஆனால் திருத்துவதற்குச் சான்று எஞ்சியிருக்கவேண்டும். முகப்புப் பக்கம் சிதைந்துவரும் நூல்களைப் பொறுத்தவரை, பதிவாளர் இன்று படியெடுத்து வைக்கும் ‘தாது ௵ தை ௴’ என்னும் அந்த ஒரு வரியே நாளை எஞ்சும் சான்றாகவும் இருக்கலாம்.